குழியில் கொட்டிய வெள்ளைத் தூள்

பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் தும்மிவிட்டு அதே கையால் கம்பியைப் பிடித்தால், தலவாக்கலையிலிருந்து லிந்துலை வந்து சேரும்வரை நான் அந்தக் கம்பியைத் தொடமாட்டேன். வளைவுக்கு வளைவு முன்சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டாலும் சரி. யாராவது ரொட்டியைப் பிய்த்து நீட்டினால் முதலில் அவர்களுடைய நகக்கண்ணைத்தான் பார்ப்பேன். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் புறங்கையால் மூக்கைத் தேய்ப்பதைக் கண்டுவிட்டால் போதும், இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன். இதை என் மனைவி "ஒங்க நோவு" என்பாள். தோட்டத்தில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை எழுதக்கூட எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நோவு பிறவியில் வந்ததல்ல, ஸ்டோரில் வந்தது. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அங்கே என் வேலை கழுவுவது. வாட்டி உருட்டிய கொழுந்தை நீளமான மேசைகளில் பரப்பி வைப்பார்கள். காற்றுப்பட்டு அது பச்சை மாறிச் செப்பு நிறத்துக்கு வரும். வந்ததும் அள்ளிக்கொண்டு போய்க் காயவைக்கும் மெஷினில் போடுவார்கள். மேசை காலியானவுடன் அது என் பொறுப்பு. ஒரு நாள் கழுவாமல் விட்டால் இடுக்குகளில் தங்கிய சாறு விரலில் வழுவழுவென்று ஒட்டும். இரண்டு நாள் விட்டால் வெள்ளையாக ஏதோ ஒன்று படர்ந்து, ஊசிப்போன சோற்றுத் தண்ணீரைப் போல நாறும். அந்த நாற்றம் மூக்கில் ஏறிவிட்டால் அன்றைக்கு முழுக்க எதைத் தின்றாலும் அதுதான்.

"இந்த மேசயில கிருமி ஒக்காந்துச்சுன்னா, கொழும்புல தேத்தண்ணிய வாயில வச்சவரு துப்பிருவாரு" என்பார் ஸ்டோரை நடத்தும் எங்கள் டீமேக்கர் ஐயா. கொழும்பில் ருசி பார்க்கிறவர்கள் நல்ல தேத்தண்ணீரையும் துப்பத்தான் செய்வார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வரிசையாக நின்று வாயில் ஊற்றி ஊற்றித் துப்புவார்களாம். கேட்டதிலிருந்து அந்த வேலைமீது இருந்த மரியாதை போய்விட்டது.

மேசைகள் இருக்கும் எங்கள் அறைக்கு இங்கிலீஷில் ஒரு பெயர் உண்டு. தமிழில் சொன்னால் புளிக்கவைக்கும் அறை. சுற்றிப்பார்க்க வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், தயிரில் செய்கிற மாதிரி இங்கேயும் கிருமி வேலை செய்கிறதா என்று கேட்பார்கள். கிடையாது. கொழுந்தின் சாறும் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. பெயரில்தான் புளிப்பு. கிருமி வந்தால் தேயிலை கெட்டது, அவ்வளவுதான். பதினான்கு வருஷம் இதையே சொல்லி, இதையே செய்து, உலகத்தில் இருக்கிற அத்தனை கிருமியும் சாகவேண்டியது என்று என் மண்டையில் ஏறிவிட்டது. கொரோனா வந்தபோது நாடே என் கட்சிக்கு மாறியது. கடைக்குக் கடை வாசலில் சவர்க்காரமும் வாளித் தண்ணீரும். ஊரெல்லாம் பயந்து கிடந்த அந்த நாட்களில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எட்டுக் காம்பரா, அதாவது எட்டு வீடு. நாலு வீட்டுக்கு ஒரு கக்கூஸ். பின்பக்கச் சரிவில் ஒரு குழி வெட்டி, கல் கட்டி, மேலே சிமெந்துச் சிலாப் போட்டு மூடியிருந்தார்கள். குழிக்குக் கீழே தேயிலை. தேயிலைக்கு நடுவே ஒரு கான், மழைத்தண்ணீர் ஓடுவதற்காக வெட்டியது. கானுக்குக் கீழே ஓர் ஊற்று. அந்த ஊற்றுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் கொண்டுபோய்ப் பீலியில், தண்ணீர் விழும் பொது இடத்தில், விட்டிருந்தார்கள். கீழ் லயத்து ஆட்களுக்குக் குடிக்க, குளிக்க, சமைக்க எல்லாம் அந்தப் பீலிதான். கீழ் லயத்தில்தான் என் தங்கச்சி வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷன் கொழும்பில் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு முறை வருவான். மாமியாரும் அவளும் மட்டும் வீட்டில். நான் சொல்கிற மழைக்காலத்தில் அவளுக்கு வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை.

கக்கூஸை நினைத்தாலே எனக்குக் குமட்டும். நாலு வீட்டுச் சனம், இருபது பேருக்குக் குறையாது. வாரம் ஒரு வீடு கழுவவேண்டும் என்று முறை. கழுவுவார்களா? ஒரு குவளைத் தண்ணீரை வீசிவிட்டு வந்துவிடுவார்கள். ஆகவே நானே முறையை எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு போய், பால்மா டின் நிறைய பிளீச்சிங் தூளை எடுத்து, பாதியைத் தரையில் போட்டுத் தேய்ப்பேன். மீதியைத் தண்ணீரில் கரைத்து அப்படியே குழிக்குப் போகும்படி ஊற்றுவேன். மேசைக்கு என்ன முறையோ அதேதான் குழிக்கும். இடையில் ஒரு நாள் கடையில் வாங்கிய கக்கூஸ் மருந்தும் ஒரு போத்தல் உள்ளே போகும். நாற்றம் நின்றது. ஈ குறைந்தது. லயத்துப் பொம்பிளைகள்கூட, "அண்ணன் இருக்கறதுனால கண்ண மூடிக்கிட்டு போயிட்டு வரலாம்" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

ஒரு வருஷத்துக்கு மேல் இப்படிச் செய்தேன். பிறகு தண்ணீர் ஊற்றினால் உள்ளே சட்டென்று இறங்காமல் நின்று நின்று, தொண்டையில் சளி கட்டியவரைப் போலக் கொறகொறவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் டின்னை ஒன்றரையாக்கினேன். மழை ஏழு நாளும் விடாமல் பிடித்துக்கொண்ட கிழமை, சிலாப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ கசிந்து தேயிலைக்குள் வழிந்தது. மழைத்தண்ணீர்தான் மண்ணைக் கரைத்துக்கொண்டு வருகிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று எழுதுகிறேனே தவிர, கிட்டப்போய்ப் பார்க்க அருவருப்பாக இருந்தது என்பதுதான் உண்மை.

கீழ் லயத்தில் முதலில் படுத்தது தங்கச்சியின் மாமியார். காய்ச்சல், வாந்தி, சோற்றைக் கண்டால் ஓங்காளம். நாலாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. அடுத்த கிழமை பக்கத்து வீட்டில் இரண்டு பிள்ளைகள். மஞ்சள் காமாலை என்று டிஸ்பென்சரியில் சொன்னவுடன் லயமே யார் கையிலிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தது. தேடுவதற்கு அதிக தூரம் போகவில்லை. தங்கச்சி ஒரு மாடு வைத்திருந்தாள். பாலில் தயிர் உறை ஊற்றி, லயத்தில் கேட்கிறவர்களுக்குக் கொடுப்பாள். நோய் வந்த மூன்று பேரும் அவள் கையால் வாங்கித் தின்றவர்கள்.

விஷயம் காதுக்கு எட்டியதும் நான் கீழே இறங்கினேன். அவளுடைய குசினிக்குள் போய் நின்றபோது எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. அடுப்பங்கரையில் புகைக்கரி, மூலையில் புண்ணாக்கு வாளி, வாளிமேல் ஈ. அடுக்கில் தயிர் உறைந்த மண் முட்டி. "இத எப்புடி உறைய வக்கிற?" என்று கேட்டேன்.

"நேத்து தயிருல ஒரு கரண்டி எடுத்து இன்னக்கி பாலுல விடுறதுதாண்ணே."

"நேத்துன்னா?"

"முந்தாநாளு தயிருல ஒரு கரண்டி."

"அதுக்கு முன்னாடி?"

அவள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருஷத்துப் பழசு அந்த முட்டிக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாக இறங்கிவருகிறது என்று எண்ணிப்பார்த்ததும் முட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கானில் கவிழ்த்தேன். தயிர் கட்டியாக விழுந்து நாலாக உடைந்தது. நல்ல தயிர், கத்தியால் வெட்டலாம் போல இருந்தது. லயத்து ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கும்படியாகவே, "புள்ளத்தாச்சிப் பொம்பள இருக்கற வீடாடி இது? கையக் கழுவுறியா இல்லியா? ஒன் ஊத்தக் கையால ஊருக்கே நோவக் குடுத்துட்டியே" என்று கத்தினேன். அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். திண்ணமாகச் சொல்கிறேன், அந்தக் கையில் அழுக்கு இல்லை. சாணி வாடை அடித்திருக்கலாம், மாடு வைத்திருப்பவள்தானே. ஆனால் அண்ணனே சொல்லிவிட்டான் என்றானபிறகு மாமியாருக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஊற்றிய தண்ணீரை அந்த வீட்டில் யாரும் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவள் கிட்டப் போனால் தாய்மார் இழுத்துக்கொண்டார்கள்.

பத்து நாள் கழித்து அவளுக்கும் கண் மஞ்சளாகியது.

பெரியாஸ்பத்திரியில் தங்கச்சொன்னார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு என்னாகும் என்று கேட்டதற்கு டாக்டரம்மா நேராகப் பதில் சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். நான் போன ஒவ்வொரு நாளும் அவள் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சையும் மஞ்சளுமாகப் பித்தம். அந்த வார்டின் நாற்றம், மருந்தும் மூத்திரமும் வாந்தியும் கலந்தது, என் சட்டையில் ஏறி வீடுவரை வந்தது. வாந்திக் கிண்ணத்தை நான் பிடிக்கவில்லை. என் மனைவிதான் பிடித்தாள். நான் ஜன்னலோரம் நின்றேன். தங்கச்சியின் விரல்கள் வெடித்துத் தோல் உரிந்து கிடந்தன. சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே இருக்கிறாள், சொன்னாலும் கேட்பதில்லை என்று பக்கத்துக் கட்டில் பெண் சொன்னாள். "புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்லண்ணே? நான் இப்ப நல்லா கழுவுறேண்ணே" என்றாள் தங்கச்சி.

அந்தக் கிழமைதான் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். நாங்கள் பி.எச்.ஐ. ஐயா என்போம். சிங்களவர், பாதித் தமிழ் பேசுவார். கீழ் லயத்தில் எந்தக் குசினியையும் அவர் பார்க்கவில்லை. பீலியில் ஒரு போத்தல் தண்ணீர் பிடித்தார். பிறகு ஊற்று, ஊற்றிலிருந்து கான், கானிலிருந்து தேயிலைக்குள் என்று மூக்கை நீட்டிக்கொண்டு ஏறிவந்து எங்கள் குழிக்குப் பக்கத்தில் நின்றார். நாலு ஆம்பிளைகளைக் கூப்பிட்டுச் சிலாப்பைப் புரட்டச்சொன்னார். நானும் ஒருவன்.

அதை எப்படி எழுதுவது? குழி வாய்வரை நிரம்பியிருந்தது. ஒரு வருஷத்துக்கு முந்தைய மலம் போட்டது போட்டபடி கிடந்தது. காகிதம், முடி, எல்லாம் அடையாளம் தெரிந்தது. மேலே வெளிறிப்போய்க் கட்டியாக ஏடு. புழுகூட இல்லை. பிளீச்சிங் வாடையும் மல வாடையும் சேர்ந்து கண்ணில் இறங்கியது. நான் தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

பி.எச்.ஐ. ஐயா ஒரு குச்சியால் ஏட்டைக் குத்திப் பார்த்தார். "இந்த குழி செத்து போச்சு" என்றார்.

யாருக்கும் விளங்கவில்லை. அவர் சொன்னார்: "குழிக்குள்ள விஷபீஜ இருக்கணும். அதுதான் இதெல்லாம் சாப்பிட்டு, தண்ணி மாதிரி ஆக்குறது. அது சாப்பிட்டா குழி நெறையாது. யாரோ மருந்து போட்டு அதெல்லாம் கொன்னுட்டாங்க. இப்ப சாப்பிட ஆள் இல்ல. நெறஞ்சு, வழிஞ்சு, கீழ போயிருக்கு."

கிருமிக்குச் சிங்களத்தில் விஷபீஜ என்பார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்தமானது. விஷ வித்து. கிருமியை இதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று ஸ்டோரில் பலதடவை நினைத்திருக்கிறேன். "விஷம்னுதானேங்கையா அதுக்கு பேரே?" என்று வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டேன்.

"பேரு அப்பிடித்தான். என்ன செய்ய?" என்றார். "குழிக்குள்ள இருக்கறது நமக்கு வேல செய்யுற ஆள். நோவுள்ள ஆளு வயித்துல இருந்து வர்றது வேற ஆள். அது பீலிக்கு போகாம இந்த குழிதான் பிடிச்சு வைக்கணும். ரெண்டும் கண்ணுக்கு தெரியாது. அதான் கஷ்டம்." பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "மருந்து போட்டது யாரு?"

எங்கள் மேல் லயத்தில் அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்தார்கள். எனக்காகத்தான் பார்த்தார்கள். என் மனைவி வீட்டு முன்வாசல் இஸ்தோப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாந்தி எடுத்த வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

அவர் போவதற்குமுன் செய்யவேண்டியதைச் சொல்லிவிட்டுப் போனார். ஊற்றுத் தண்ணீரை நிறுத்தவேண்டும், கொதிக்கவைக்காமல் யாரும் குடிக்கக்கூடாது. பழைய குழியைச் சுண்ணாம்பு போட்டு மூடி, ஊற்றுப் பக்கம் சாயாத இடத்தில் புதுக்குழி வெட்டவேண்டும். வெட்டிய பிறகு, நன்றாக வேலை செய்கிற வேறொரு குழியிலிருந்து ஒரு வாளி எடுத்து அதில் ஊற்றவேண்டும். உறை ஊற்றுவது மாதிரி. அவர் தயிரைச் சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கேட்டது.

அந்த வாளியை நான்தான் தூக்கினேன். மலைக்கு அந்தப் பக்கம் இருந்த லயத்தின் குழியைத் திறந்தபோது நாற்றமே அவ்வளவாக இல்லை, கறுப்பாகக் கூழ் மாதிரி இருந்தது, மண் வாடை அடித்தது. ஆனாலும் இன்னதென்று தெரியுமே. நடக்க நடக்க வாளி தளும்பி என் காலில் தெறித்தது. வெறுங்காலில், விரலிடுக்கில், வெதுவெதுப்பாக. வழியில் மூன்று தடவை வாளியை வைத்துவிட்டு ஓங்கரித்தேன். பார்த்தவர்கள், "இவ்வளவு சுத்தம் பாக்குற மனுசன், ஊருக்காக தூக்கிட்டு போறாரு பாரு" என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பாராட்டு காலில் இருந்ததைவிட அசிங்கமாக இருந்தது. இருந்தும் மறுக்கவில்லை.

தங்கச்சி தேறினாள். மஞ்சள் மெல்ல மெல்ல இறங்கியது. பிள்ளை மாதம் நிறைந்தே பிறந்தது, பெண் பிள்ளை, எடை கொஞ்சம் குறைவு என்றார்கள், ஆனால் நல்ல குரல். இதற்குள் பீலித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் தெரிவது வேறு, ஒருத்திமேல் ஏற்றிய பேரை இறக்குவது வேறு. தண்ணீரில் வந்தால் ஏன் முதலில் இவள் வீட்டில் வந்தது என்று அவள் மாமியார் கேட்டுக்கொண்டே இருந்தாள். அந்த வீட்டில் இன்னும் தங்கச்சியைச் சோறு போட விடவில்லை.

பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சேனை வைத்தார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகச் சீனித் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதுதான் சேனை. வைக்கிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கூடாது என்று மருத்துவிச்சியம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஒரு சொட்டுதானே என்று மாமியார் கேட்கவில்லை. சின்னக் கிண்ணத்தில் சீனித் தண்ணீரைக் கரைத்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்க வைங்க தம்பி. புள்ளைக்கு ஒங்க சுத்தம் வரட்டும். ஆத்தாளோடது வந்துறாம."

தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்தாள். அவளுக்கும் அது சரி என்றே தோன்றியிருக்கவேண்டும், பிள்ளையை என் பக்கம் நகர்த்தினாள். பிள்ளை வாயைத் திறந்து திறந்து மூடியது. பல் இல்லாத சின்ன வாய், உள்ளே ஒரே சிவப்பு. என் ஆள்காட்டி விரலைக் கிண்ணத்துக்கு மேலே கொண்டுபோனேன். மூன்று முறை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வந்த விரல். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் குமட்டியது. என் வாழ்க்கையில் எத்தனையோ பேர் விரலைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறேன், என் விரலைப் பார்த்து அன்றைக்குத்தான்.

"குழியில பிளீச்சிங் போட்டது நான்தான்" என்றேன். "ஒரு வருசமா போட்டேன். பி.எச்.ஐ. ஐயா கேட்டப்ப சொல்லல. என்னாலதான் பீலி கெட்டுச்சு. இவ கையால இல்ல."

மாமியார் என்னைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். என் மனைவி மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. தங்கச்சி தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். பிறகு, யாரோ எழுதியதை வாசிப்பவளைப் போல மெதுவாக, "அப்ப என் கையில ஒன்னும் இல்லியாண்ணே?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அன்னக்கி லயமே பாக்க கத்துனீங்களே."

அவள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். வெடிப்பு இன்னும் ஆறாத தன் விரலை அதில் தொட்டு, தன் பிள்ளையின் நாக்கில் தானே வைத்தாள். பெற்றவளே சேனை வைத்து எங்கள் பக்கம் யாரும் பார்த்ததில்லை. மாமியார் தடுக்கவில்லை. பிள்ளை சப்புக்கொட்டியது.

நான் எழுந்து நின்றேன். எங்கள் வீடுகளில் வாசலைத் தாண்டுகிறவர்களிடம் போயிட்டு வாங்க என்றுதான் சொல்வோம். சண்டைக்காரர்களிடமும் அப்படித்தான்.

அவள் நிமிர்ந்து பார்க்காமல், "போங்கண்ணே, புள்ளைக்கு பால் குடுக்கணும்" என்றாள்.